கண் பார்த்தால் கை செய்யும்

அம்மாவின் வலதுகைக் கட்டைவிரல் அசைந்ததை முதலில் பார்த்தவள் என் மகள்.

ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. நேமத்தான்பட்டியில் எங்கள் ஓட்டு வீட்டின் நடு அறையில் பழைய வேட்டித்துணியை விரித்து, அதன்மேல் கைமுறுக்கு சுற்ற முயன்றுகொண்டிருந்தேன். ஒரு சுற்று முடிவதற்குள் மாவு மூன்று இடத்தில் அறுந்தது. எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வலதுகை, யாரோ வைத்துவிட்டு மறந்துபோன பொருளைப்போல மடியில் கிடந்தது.

“அம்மா, அம்மாச்சி விரலப் பாரு” என்றாள் மகள்.

நான் நிமிர்வதற்குள் அது நின்றுவிட்டது. நீ சுற்றும்போது அம்மாச்சியின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரல் பக்கமாக உருண்டது என்று அவள் சாதித்தாள். நம்பிக்கையில்லாமல்தான் இன்னொரு முறுக்கைத் தொடங்கினேன். இந்த முறை என் கையை விட்டுவிட்டு அம்மாவின் கையைப் பார்த்தபடி சுற்றினேன். மாவு அறுந்தது. விரல் அசைந்தது. ஓர் அரிசி உருளும் அளவுக்குத்தான். ஆனால் அசைந்தது.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து அப்போது நான்கு மாதம் ஆகியிருந்தது. வலது பக்கம் முழுவதும் விழுந்திருந்தது. கால் மெல்ல மெல்லத் திரும்பி, கம்பை ஊன்றிக் கொல்லைவரை போய்வந்தாள். பேச்சு குழறலாக வந்தது. கை மட்டும் வரவே இல்லை. 40 வருடம் ஊருக்கெல்லாம் முறுக்குச் சுற்றிய கை அது.

வாரத்துக்கு இரண்டு நாள் வீட்டுக்கு வந்துபோன பிசியோதெரபிப் பெண்தான் இந்த யோசனையைச் சொன்னார். “பாட்டிக்கு ரொம்பப் பழகின வேலை ஏதாவது இருக்கும்ல. யாராச்சும் முன்னாடி உக்காந்து அதச் செய்ங்க. அவங்க பாக்கட்டும். பாத்தவுடனே அவங்களையும் செய்யச் சொல்லுங்க. வரலைன்னாலும் செய்யச் சொல்லுங்க.” கோலம் போடலாமா என்று நான் கேட்டேன். அம்மா தலையை ஆட்டினாள். குழறிய நாக்கில் ஒரே சொல் வந்தது: “முறுக்கு.”

எனக்கு முறுக்குச் சுற்றத் தெரியாது. அன்றைக்குத்தான் அது எனக்கே உறைத்தது.

*

பார்ப்பவரின் உடம்பில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி அந்த வாரம் முழுக்கத் தேடித் தேடிப் படித்தேன். தமிழ் படித்தவளுக்கு நரம்பியல் புரியுமா என்ற தயக்கத்தை அம்மாவின் விரல் போக்கியிருந்தது.

இத்தாலியின் பார்மா நகரத்தில் ஜாகோமோ ரிசோலாட்டி என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவும் மக்காக் குரங்குகளின் மூளையில் மிக மெல்லிய மின்முனைகளைப் பொருத்தி, அசைவைத் திட்டமிடும் பகுதியை ஆராய்ந்து வந்தார்கள். குரங்கு ஒரு பொருளைக் கையால் எடுக்கும்போது அங்கே சில நியூரான்கள் துடிக்கும். அதில் வியப்பில்லை. ஆனால் குரங்கு சும்மா உட்கார்ந்திருக்க, எதிரே இருக்கும் மனிதர் அந்தப் பொருளை எடுத்தபோதும் அதே நியூரான்களில் சில துடித்தன. 1992-இல் இதை அவர்கள் வெளியிட்டார்கள். கண்ணாடி நியூரான்கள் என்ற பெயர் பிறகு வந்தது.

மனிதர்களின் மண்டையைத் திறந்து பார்க்க முடியாதல்லவா? 1995-இல் அதே குழுவினர் வேறு வழி கண்டார்கள். சும்மா உட்கார்ந்து இன்னொருவரின் கையைப் பார்ப்பவருடைய தலைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பைச் செலுத்தினார்கள். அது கைத்தசையில் ஒரு சிறு எழுச்சியை உண்டாக்கும். அடுத்தவர் பொருளைப் பற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த எழுச்சி கூடியது. அதுவும் எந்தத் தசையால் அந்தச் செயலைச் செய்ய வேண்டுமோ அந்தத் தசையில் கூடியது. வெளியே பார்த்தால் கை அசையாமல்தான் இருக்கிறது. உள்ளே அது புறப்படத் தயாராகி நிற்கிறது.

இது நமக்குப் புதிய செய்தியில்லை என்று ஒரு தமிழாசிரியை சொன்னால் சிரிப்பீர்கள். ஆனாலும் சொல்கிறேன். தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாவது இயல் மெய்ப்பாட்டியல். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. மெய்யில் படுவதால் மெய்ப்பாடு. அதற்கு உரை எழுதும்போது இளம்பூரணர் செயிற்றியம் என்னும் பழைய நாடகநூலைச் சான்றுக்கு அழைக்கிறார். நிகழ்த்துபவர் செய்தது காண்பவரைப் போய்ச் சேர்வதே மெய்ப்பாடு என்பது அங்கே வரும் கருத்து. செய்பவரின் மெய்யோடு முடிந்துவிடாமல், காண்பவரின் மெய்யிலும் அது நிகழ வேண்டும்.

என் முனைவர் பட்ட ஆய்வு இந்த மெய்ப்பாடுகளைப் பற்றியது. பல ஆண்டுகள் அதில் உழன்றேன். அந்த ஆய்வேட்டில் என் சொந்த மெய்யைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

*

செட்டிநாட்டு வீடுகளை வெளியூர்க்காரர்கள் முகப்பிலிருந்து பார்க்கிறார்கள். பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய வழவழப்பான சுவர். படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நான் அந்த வீடுகளைப் பின்வாசல் வழியாக அறிந்தவள். முகப்பையும் வளவையும் தாண்டி உள்ளே இருக்கும் இரண்டாங்கட்டுதான் எனக்கு வீடு. கல்யாணத்துக்கும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அங்கேதான் பலகாரம் சுடுவார்கள். அம்மா அதற்குப் போவாள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் பின்வாசலில் போய் நிற்பேன்.

பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் முழுக்கப் போவதற்குள் இடித்துச் சலித்த மாவு. வறுத்துப் பொடித்த உளுந்து, வெண்ணெய், சீரகம், உப்பு. நாலைந்து பெண்கள் வெள்ளைத்துணியைச் சுற்றி வரிசையாக உட்கார்வார்கள். ஓர் எலுமிச்சை அளவு மாவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அதைத் திரியாக இழுத்து முறுக்கும். முறுக்கியபடியே கை வட்டமாக நகரும். நடுவில் தொடங்கி வெளியே வெளியே போகும். மூன்று சுற்று, ஐந்து சுற்று, சீருக்கு வைப்பதென்றால் ஏழு சுற்று. ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைத் தொட்டுக்கொண்டு போக வேண்டும். ஆனால் நசுக்கக்கூடாது. முறுக்கின் வரி கயிற்றின் புரியைப்போல ஒரே சாய்வில் விழ வேண்டும்.

எவரும் எவருக்கும் தாளம் சொல்லிக்கொடுத்து நான் பார்த்ததில்லை. கொஞ்ச நேரத்தில் அத்தனை கைகளும் ஒரே வேகத்துக்கு வந்துவிடும். தோள்கள் ஒரே மாதிரி ஆடும். புதிதாக வேலைக்கு வந்த பெண்ணை அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். “அவ கையப் பாத்துக்கிட்டே இரு” என்பதுதான் மொத்தப் பாடம். கண் பார்த்தால் கை செய்யும் என்பார்கள் எங்கள் ஊரில். பத்து நாளில் அந்தப் பெண் மூன்று சுற்று சுற்றுவாள்.

நானும் பார்த்தேன். வருடக்கணக்கில் பார்த்தேன். என் விரல்கள் பாவாடை மடிப்புக்குள் சுழன்றது எனக்கு நினைவிருக்கிறது. ஒருநாள் துணியோரத்தில் உட்கார்ந்து ஒரு பிடி மாவை எடுத்துவிட்டேன். அம்மா என் கையைப் பிடித்து மாவை வாங்கிச் சட்டியில் போட்டாள்.

“இந்தக் கை உனக்கு வேணாம்த்தா. நீ பேனாவப் பிடி.”

அதற்குப் பிறகு நான் மாவைத் தொடவில்லை. பேனாவைப் பிடித்தேன். கல்லூரிக்குப் போனேன், பட்டங்கள் வாங்கினேன், கவிதைத் தொகுப்புகள் வந்தன. அம்மாவின் கைவேலை என் கவிதைகளில் நிறைய வந்திருக்கிறது. கைக்கு மட்டும் வரவில்லை.

*

வராமல் போனது இருக்கட்டும். வந்ததைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு புத்தக வெளியீட்டில் கவிதை வாசித்தேன். அதைப் படம்பிடித்த தோழி அனுப்பிவைத்தாள். ஒரு நிமிடத்துக்கு மேல் அதைப் பார்க்க முடியவில்லை. என் குரல் தெளிவாக இருந்தது. கவிதையில் கோபமும் இருந்தது. ஆனால் உடம்பு? இரண்டு தோள்களும் முன்பக்கம் ஒடுங்கியிருந்தன. இடதுகை முந்தானை நுனியைப் பற்றியிருந்தது. இல்லாத ஒரு தூணில் சாய்ந்ததுபோல இடுப்பு ஒருபக்கம் ஒதுங்கியிருந்தது. கைதட்டல் வந்தபோது சிரித்தேன். சிரித்த வாயை வலதுகை மூடியது.

அந்த நிற்பை எனக்குத் தெரியும். அது இரண்டாங்கட்டில், கூலி வாங்கும் நேரத்தில், அந்த வீட்டு ஆச்சிக்கு முன்னால் என் அம்மா நின்ற நிற்பு. ஆச்சி கொடுமைக்காரர் இல்லை. காசைக் குறைத்ததும் இல்லை. ஆனாலும் அம்மா அப்படித்தான் நிற்பாள். கவிதை சத்தமாகப் பேசிக்கொண்டிருக்க, என் உடம்பு கூலிக்குக் காத்துக்கொண்டிருந்தது.

யோசிக்க யோசிக்கப் பட்டியல் நீண்டது. பேருந்தில் பக்கத்தில் ஆண் உட்கார்ந்தால் முழங்கால்கள் தாமாக ஒட்டிக்கொள்கின்றன. கல்லூரி ஆசிரியர் கூட்டத்தில் நாற்காலியின் முன் பாதியில் மட்டும் உட்கார்கிறேன். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டபின் நின்றுகொண்டே சாப்பிடுகிறேன், யாரும் என்னை நிற்கச் சொல்லவில்லை. தெருவில் எதிரே ஆண்கள் கூட்டமாக வந்தால் என் கால் தெருவோரத்துக்குப் போய்விடுகிறது. இவற்றில் எதையும் அம்மா கற்றுக்கொடுக்கவில்லை. கற்றுக்கொடுக்க மறுத்த முறுக்கு வரவில்லை. கற்றுக்கொடுக்காத ஒடுக்கம் வந்துவிட்டது. இரண்டையும் ஒரே உடம்பில், ஒரே கண்ணால்தானே பார்த்தேன்?

அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஐரிஸ் மரியன் யங், பெண்பிள்ளைபோல எறிவது என்று பொருள்படும் தலைப்பில் 1980-இல் ஒரு கட்டுரை எழுதினார். பெண்கள் பந்தை எறியும்போது முழு உடம்பையும் ஈடுபடுத்துவதில்லை, கையை மட்டும் அனுப்புகிறார்கள்; தம்மைச் சுற்றி ஒரு கண்ணுக்குத் தெரியாத வேலி இருப்பதுபோல அசைகிறார்கள் என்றார். இதற்கு உடற்கூறைக் குற்றம்சாட்ட அவர் ஒப்பவில்லை. ஆணுக்கு முதன்மை தரும் சமூகத்தில் ஒரு பெண் தன் உடம்பை எப்படிக் கொண்டுசெல்ல வேண்டியிருக்கிறது என்பதில் காரணத்தைத் தேடினார். அந்தக் கட்டுரையை மாணவிகளுக்குப் பலமுறை விளக்கியிருக்கிறேன். நாற்காலியின் முன் பாதியில் உட்கார்ந்துகொண்டு.

*

ஒன்று வந்தது, மற்றது வராதது ஏன்? இதற்கு லண்டனில் நடந்த இரண்டு ஆய்வுகள் எனக்கு வழிகாட்டின.

பியாட்ரிஸ் கால்வோ மெரினோவும் அவருடைய குழுவினரும் 2005-இல் பாலே நடனக்காரர்களையும், கபோய்ரா என்ற பிரேசில் நாட்டு ஆட்டக்கலையில் தேர்ந்தவர்களையும் ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து இரண்டு ஆட்டங்களின் படங்களையும் காட்டினார்கள். தான் ஆடிப் பழகிய ஆட்டத்தைப் பார்க்கும்போது அவரவர் மூளையின் அசைவுப் பகுதிகள் அதிகமாக விழித்தன. சரி, பழகிய ஆட்டத்தை அதிகம் பார்த்திருப்பார்கள், அதனால் இருக்கலாமே என்று கேட்கலாம். அடுத்த வருடம் அதற்கும் விடை தேடினார்கள். பாலேயில் பெண்கள் மட்டும் செய்யும் அசைவுகளும் ஆண்கள் மட்டும் செய்யும் அசைவுகளும் உண்டு. இருவரும் ஒரே கூடத்தில் பயிற்சி செய்வதால் ஒருவர் அசைவை மற்றவர் தினமும் பார்க்கிறார். ஆனால் செய்வதில்லை. அப்படியிருந்தும், தாம் செய்யும் அசைவைப் பார்க்கும்போதுதான் அந்தப் பகுதிகள் கூடுதலாக விழித்தன. பார்த்துப் பழகியது மட்டும் போதவில்லை. செய்தும் பழகியிருக்க வேண்டும்.

இதை முதன்முதலில் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து நடந்தேன். ஒரே கூடத்தில் வளர்ந்து, ஒருவரை ஒருவர் தினமும் பார்த்து, ஆனால் இந்த அசைவு உனக்கு, அந்த அசைவு அவனுக்கு என்று பிரித்துக்கொடுக்கப்பட்டவர்கள். நம் வீடுகளைப் பற்றி இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா? அண்ணன் மரம் ஏறுவதைப் பார்த்திருக்கிறோம், தம்பி கண்மாயில் குதிப்பதைப் பார்த்திருக்கிறோம். பக்கத்தில் சிராவயல் மஞ்சுவிரட்டில் ஊரே மாட்டின் பின்னால் பாய்வதைப் பார்த்திருக்கிறோம். பார்க்கத் தடையில்லை.

ஒடுக்கம் எனக்குள் வந்ததன் காரணமும் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அம்மா ஒடுங்குவதை நான் பார்க்க மட்டும் செய்யவில்லை. அவளுக்குப் பின்னால் நின்று நானும் ஒடுங்கினேன். ஒவ்வொரு மாலையும் எனக்கு அதில் பயிற்சி நடந்தது. முறுக்குக்கு நடக்கவில்லை.

2007-இல் கரோலின் காட்மரும் சீசிலியா ஹேயெஸும் சேர்ந்து செய்த இன்னொரு சோதனையையும் சொல்லியாக வேண்டும். அடுத்தவர் ஆள்காட்டி விரலை அசைப்பதைப் பார்த்தால் நம் ஆள்காட்டி விரலின் தசைதான் தயாராகும். அவர்கள் சிலருக்கு எதிர்ப்பயிற்சி கொடுத்தார்கள்: ஆள்காட்டி விரல் அசைவதைக் கண்டால் நீ சுண்டுவிரலை அசை. பயிற்சிக்குப் பிறகு சோதித்தபோது கண்ணாடி திரும்பிவிட்டிருந்தது. ஆள்காட்டி விரலைப் பார்த்ததும் சுண்டுவிரல் தசை தயாரானது. ஆக, இது பிறவியிலேயே பூட்டி வைத்த பொறி என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பார்ப்பதையும் செய்வதையும் சேர்த்துச் சேர்த்துப் பழகும் இடத்தில் அது உருவாகிறது, பழக்கத்தை மாற்றினால் மாறவும் செய்கிறது என்பது ஹேயெஸின் வாதம். எனக்கு அதில் பெரிய ஆறுதல் இருந்தது.

கண்ணாடி நியூரான்களைப் பற்றி அளவுக்கு மீறிய பேச்சும் உண்டு. தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், உயிரியலுக்கு டி.என்.ஏ. செய்ததை உளவியலுக்கு இவை செய்யும் என்று 2000-இல் எழுதினார். அதை மறுத்து கிரகரி ஹிக்காக் 2014-இல் ஒரு புத்தகமே எழுதினார். ஒரு செயலைப் புரிந்துகொள்ள அதைச் செய்யும் திறன் தேவையில்லை, செய்ய முடியாதவர்களும் புரிந்துகொள்கிறார்கள் என்பது அவர் வாதங்களில் ஒன்று. அம்மாவைப் பார்த்தபிறகு அதையும் ஒதுக்க முடியவில்லை. அவளுக்குக் கை வரவில்லை. என் சுற்றில் எங்கே பிழை என்பது மட்டும் அவளுக்கு உடனே தெரிந்தது.

*

பார்த்ததும் செய்ததும் எனக்குள் சேர்ந்த ஒரு சம்பவமும் உண்டு.

எங்களுக்கு அடுத்த மாவட்டம் புதுக்கோட்டை. 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளையும் கொண்டுவந்தது. அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். வயல்வேலைக்காரப் பெண்களும் கல்குவாரிப் பெண்களும் பாலவாடி ஆசிரியைகளும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். பெண்கள் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். முன் கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

அப்போது எனக்கு 11 வயது. அம்மாவோடு பேருந்தில் புதுக்கோட்டைக்குப் போய்க்கொண்டிருந்தேன். திருமயம் தாண்டியதும் சாலையோரம் பத்துப் பன்னிரண்டு பெண்கள் சைக்கிளில் வந்தார்கள். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தார்கள். ஒருத்தி எழுந்து நின்று மிதித்தாள். எதிர்க்காற்றில் அவளுடைய முந்தானை பின்னால் பறந்தது. அவள் அதைப் பிடிக்கவில்லை.

அதற்கு முன்பும் சைக்கிள் ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன். ஊரில் எல்லா ஆண்களும் ஓட்டினார்கள். என் கால் அசைந்ததில்லை. அன்றைக்கு இருக்கைக்கு அடியில் என் இரண்டு கால்களும் மாறி மாறி அழுத்தத் தொடங்கின. அம்மா என் முழங்காலில் கை வைத்து, “கால ஆட்டாதத்தா” என்றாள். சொல்லிவிட்டு அவளும் சன்னல் வழியே பார்த்தாள். சைக்கிள்கள் மறையும்வரை பார்த்தாள்.

அடுத்த வாரம் முறுக்குக் கூலியிலிருந்து சில்லறையை எடுத்து என் கையில் வைத்தாள். வாடகைச் சைக்கிளுக்கு. விழுந்து, முழங்கால் பெயர்ந்து, ஒரு மாதத்தில் ஓட்டினேன். இன்றைக்கும் சைக்கிளிலோ ஸ்கூட்டரிலோ ஏறினால் என் தோள்கள் விரிந்துவிடும். இறங்கியதும் பழையபடி சுருங்கும். என் உடம்பில் ஒரு பெண்ணைப் பார்த்து, அனுமதியும் கிடைத்து, செய்தும் பழகிய அசைவு அது ஒன்றுதான் என்று இப்போது புரிகிறது.

கண் பார்த்தால் கை செய்யும் என்ற எங்கள் ஊர்ப் பேச்சு பாதிதான். பார்த்த கைக்கு மாவு கிடைக்க வேண்டும். அறுத்து அறுத்து வீணாக்க அனுமதி கிடைக்க வேண்டும். “பெண்களுக்கு முன்மாதிரிகள் வேண்டும்” என்று மேடைதோறும் சொல்கிறோம். ஒரு பெண் விமானம் ஓட்டும் படத்தை வகுப்பறைச் சுவரில் ஒட்டிவிட்டு, பெண்பிள்ளைகளை விளையாட்டு மைதானத்தின் ஓரத்திலேயே நிற்க வைத்தால் என்ன ஆகும்? பார்க்கிற கண்ணை மட்டும் வளர்த்துவிட்டு, கால்களை எங்கே வைப்பது?

*

ஞாயிற்றுக்கிழமைதோறும் சுற்றினேன். முதலில் நான் செய்வதை அம்மா பார்ப்பாள். பிறகு அவளுடைய வலது உள்ளங்கையில் மாவை வைப்போம். விரல்களை அவள் அனுப்பிப் பார்ப்பாள். அனுப்புவது முகத்தில் தெரியும். 2007-இல் ஜெர்மனியில் பக்கவாத நோயாளிகளின் சிறு குழு ஒன்றுக்கு அன்றாடச் செயல்களின் படங்களைக் காட்டி, உடனே அவற்றைச் செய்ய வைத்து, நான்கு வாரம் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். அந்தச் செயல்களின் படங்களைப் பார்க்காமல் செய்தவர்களைவிட அவர்களுடைய கை நன்றாகத் தேறியது. அங்கேயும் பார்ப்பதும் செய்வதும் சேர்ந்தே இருந்தன.

மூன்றாவது வாரம் அம்மா பொறுமையிழந்தாள். இடதுகையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். “மாவ அமுக்காத. உருட்டு. விரலப் பாக்காத, போற பக்கத்தப் பாரு.” பக்கவாதம் வந்தபிறகு அவள் அத்தனை சொற்களைச் சேர்த்துப் பேசியது அதுதான் முதல்முறை. அன்றைக்கு அறுந்துபோகாத ஒரு சுற்று வந்தது.

மார்கழியில் ஒருநாள் கேட்டேவிட்டேன். “ஏன் எனக்குச் சொல்லிக்குடுக்கல?”

நெடுநேரம் கழித்துப் பதில் வந்தது. “சொல்லிக்குடுத்திருந்தா உக்கார வச்சிருப்பாக.”

உண்மைதான். அவளுக்கு நடந்தது அதுதான். ஒன்பது வயதில் அவளுடைய கை நன்றாக ஓடுகிறது என்று யாரோ கண்டார்கள். அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. கைத்திறன் என்பது ஒரு பெண்ணுக்குப் பல சமயம் கால்கட்டாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. அவள் அதை என்னிடம் வராமல் தடுத்தாள். தடுக்கத் தெரிந்ததைத் தடுத்தாள். தன் நிற்பைத் தடுக்க அவளுக்குத் தெரியவில்லை, அது தன்னிடம் இருப்பதே அவளுக்குத் தெரியாது. அவளைக் குறைசொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

தை பிறந்தபோது அம்மா வலதுகையால் டம்ளரைப் பிடித்தாள். முறுக்கு இன்னும் வரவில்லை. இனிமேல் வராமலும் போகலாம். டம்ளர் வந்தது என் முறுக்கால்தான் என்று சொல்ல மாட்டேன். மருந்து இருந்தது, பயிற்சி இருந்தது, காலம் ஆக ஆகத் தானாகத் தேறுவதும் உண்டு. எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: வேலைசெய்து தேய்ந்த ஒரு கை, வேலை தெரியாத ஒரு கையைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்தது. எனக்கு 44 வயதில் மூன்று சுற்று வந்துவிட்டது.

வேறொன்றையும் பழகுகிறோம். எங்கள் வீட்டுத் திண்ணையில் அப்பா இருந்தவரை அப்பாதான் உட்காருவார். அவருக்குப் பிறகு அது சும்மா கிடந்தது. நாங்கள் நிலைப்படிக்கு உள்ளேதான். இப்போது சாயங்காலம் அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து திண்ணையில் உட்கார வைக்கிறேன். நானும் பக்கத்தில் தூணில் நன்றாகச் சாய்ந்து உட்கார்கிறேன். முதல் நாள் அம்மா தெருவில் ஆள் வரும்போதெல்லாம் காலை மடக்கினாள். வராத காலையும் இடதுகையால் இழுத்து மடக்கினாள். நான் என் காலை நீட்டியே வைத்திருந்தேன். அது எளிதாக இல்லை, தொடை வலித்தது. ஒரு வாரம் போனதும் அவளும் நீட்டினாள்.

நேற்று எதிர்வீட்டுச் சிறுமி வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தன் வீட்டுத் திண்ணையில் ஏறி உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. காலை நீட்டிக்கொண்டாள்.